வங்கியில் வந்த அழைப்பு

சென்ற ஆடிப்பெருக்குக்கு மறுநாள். அவிநாசி வங்கியொன்றில், பனியன் துணியால் முகத்தை மூடிய இளைஞன் என் கழுத்தில் கத்தியை வைத்துக் காசாளரை மிரட்டிக்கொண்டிருந்தான். அப்போது என் செல்போன் அடித்தது. என் மகன்.

“கோவிச்சுட்டுப் போன பையனுங்க. ரெண்டு வருசமாப் பேசலீங்க,” என்றேன்.

கத்தி வைத்திருந்தவன் தயங்கினான். “செரி, சீக்கிரம் பேசுங்க.”

“சாப்டியா கண்ணு?” என்றேன். மறுமுனையில் மகன் அழுதான். பயத்தில் போனை வைக்கப் போனேன்.

“அழுகறப்ப வெச்சராதீங்க!” என்று அதட்டினான் கத்திக்காரன்.

நான் பேசி முடிப்பதற்குள் காவலாளி வெளியிலிருந்து ஷட்டரை இறக்கிவிட்டார்.

போலீஸ் வேனில் ஏறும்போது, “பையன் வர்றேன்னானுங்களா?” என்று அவன் கேட்டான். பதில் சொல்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

மகன் தீபாவளிக்கு வந்தான். அதைச் சொல்லச் சிறைக்குப் போனேன். “அவனுக்கு நீங்க என்ன வேணும்?” என்றார்கள். சொல்லத் தெரியாமல் திரும்பினேன். அந்தக் கத்திக்காரனைப் பார்க்க முடியாத ஏக்கம் இன்னும் தீரவில்லை.