அளந்து பார்த்துச் சொன்ன ரிஸானா மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை கண்டி பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது ரிஸானா மிஸ்ஸின் தம்பி அழைத்தார். “எங்கட ராத்தா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதிட்டு நெஞ்சு வலிக்கிதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே...” அவருடைய அக்கா, நம் ரிஸானா மிஸ், இறந்துவிட்டார். நான் வேலைக்குப் போகாமல் அக்குறணை பஸ்ஸில் ஏறினேன்.

அக்குறணையில் கணினி திருத்தும் கடை வைத்திருந்த அவரை உங்களில் பலர் அறிவீர்கள். உங்கள் வீட்டுக் கணினியும் ஒருமுறையாவது அவர் மேசையில் திறந்து கிடந்திருக்கும். எனக்கு அவர் அறிமுகமானது ஒரு சுவரால்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் பின்னால் மண் சரிந்து, பள்ளியை மூடியிருந்தார்கள். பொறியியலாளர் திட்டமிட்ட காப்புச் சுவரை நான்தான் வரைந்தேன். தாளில் இருந்த கோடுகளை நம்பிப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயாராக இல்லை. சுவரையும் மழைநீர் ஓடும் கானையும் நேரில் நடந்து பார்ப்பதுபோல வீடியோவாகக் காட்ட நினைத்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு நான்கே நாள். அன்றும் சம்மதம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். என் கணினியோ பாதி வழியில் அசையாமல் நின்றுவிடும்.

அது கம்பெனியிலேயே பொருத்தி விற்ற ஒடுக்கமான பெட்டி. டவுனில் ஒரு கடையில், வீடியோ தடைப்படாமல் ஓடத் தேவையான கிராஃபிக்ஸ் கார்டை அதில் போடவே முடியாது என்றார்கள். இன்னொரு கடையில் பெட்டியைத் திறக்காமலே பெரிய கார்ட் ஒன்றை நீட்டினார்கள். கடைசியாக அதை அக்குறணைக்குத் தூக்கிப் போனேன்.

“மூடின பெட்டியப் பார்த்து ஏலும்னும் சொல்லக்கூடாது, ஏலாதுன்னும் சொல்லக்கூடாது” என்றார் ரிஸானா மிஸ். திருகாணிகளைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருந்த லேபலை வாசித்தார். தையல் டேப்பால் உள்ளிடத்தின் நீளம், உயரம், தடிப்பு எல்லாம் அளந்தார்.

“கார்டுக்குக் குடுக்க வேற வயர் இல்ல. பவர் சப்ளைய மாத்தவும் ஏலாது, இந்தக் கம்பெனிக்காரங்கட பிளக்கே வேற மாதிரி. ஸ்லொட்ல வாற கரண்ட்லயே ஓடுற, அரை உயரக் கார்ட் ஒண்டு வேணும். அது ஈக்கிது, நாளைக்கு எடுத்து வாறன்.”

மறுநாள் எடுத்து வந்து பொருத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது.

“எரிஞ்சிருச்சா மிஸ்?”

“தெரியாது. பார்ப்பம்.”

கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணித்தியாலம் எதையெதையோ வாசித்தார். தாய்ப்பலகையில் கணினியை எழுப்பும் பயோஸ் மென்பொருள் பழையது, அதற்கு இந்தக் கார்டை அடையாளம் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். அதைப் புதுப்பித்து மீண்டும் பொருத்தியதும் திரை வெளிச்சமானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க என் வீடியோவையே ஓடவிட்டோம். சுவர் எழுந்தது, மழை கொட்டியது, எங்கும் தடங்கல் இல்லை. அவர் கண் மட்டும் திரையில் ஓடிய தண்ணீரின் மேலேயே இருந்தது.

“கார்ட் தாங்குது. அந்தக் கான் எங்க போய் விழுகுது?”

அது தோட்டத் தொழிலாளர் வரிசையில் ஒரு லயன் வீட்டின் பின்கதவுக்கு மேலே முடிந்திருந்தது. எத்தனை முறை வரைந்தும் நான் கவனிக்கவில்லை. உடனே பொறியியலாளரை அழைத்தேன். அவர் கானை ஓடை வரை நீட்டினார்; வீடியோவையும் அப்படியே மாற்றினேன்.

கூட்டத்துக்கு ரிஸானா மிஸ்ஸும் வந்து பின்வரிசைக் கதிரையில் இருந்தார். வீடியோ முடிந்ததும் முதலில் கை உயர்த்தியவர் அந்த லயன் வீட்டுத் தாய்தான். “தண்ணி எங்க வீட்டுப் பக்கம் வரலைன்னு பார்த்துட்டேன். புள்ளைய அனுப்புறேன்” என்றார். பிறகு மண்டபமே கை உயர்த்தியது. என் பக்கம் குனிந்து ரிஸானா மிஸ் சொன்னார்: “இப்பதான் டெஸ்ட் முடிஞ்சிச்சு.”

சுவர் எழுந்தது, பள்ளி திறந்தது. அதற்குப் பின் இரண்டு பெருமழைக் காலங்களிலும் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஒன்றாகவே படிக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எந்த வரைபடத்தை முடித்தாலும், தாளின் ஓரத்துக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டே கையெழுத்து வைக்கிறேன். அந்தப் பழக்கம் ரிஸானா மிஸ்ஸுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.