ஒட்டகச்சிவிங்கிப் போர்வையும் உடைந்த ஊசியும்

உடம்புக்குள் நுழைந்த ஊசி ரத்தத்தோடு ஓடி, சரியாக ஏழாம் நாள் இதயத்தைக் குத்தும் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். யார் சொன்னது என்று நினைவில்லை. நம்பிக்கை மட்டும் பத்திரமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி தின்றபடி எங்கள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்தபோது அது விழித்துக்கொண்டது. படத்தில் ஹெப்பகோடிக் குழந்தைகள் இல்லம். நான் தைத்த, ஒட்டகச்சிவிங்கிப் படம் போட்ட போர்வைக்குள் ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயதிருக்கும், போர்வையின் மூலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்த மூலையில்தான் என் ஊசி உடைந்திருந்தது.

பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. மிஞ்சிய துணிகளை நான்கு அடுக்காக வைத்து, சாப்பாட்டு இடைவேளைகளில் கையால் தைத்து, குளிருக்கு முன் அந்த இல்லத்துக்குப் போர்வைகள் கொடுப்பதென்று லைன் சூப்பர்வைசரம்மா ஏற்பாடு செய்திருந்தார். தையலே தெரியாத நானும் வாய்க்கொழுப்பால் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் ஒரு சட்டம் உண்டு: ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். அதுவரை அந்த மேசையிலிருந்து ஒரு நூல்கூட நகராது. ஊசி உடைக்கும் பெண்களையெல்லாம் "என்னம்மா, கடிச்சுத் தின்னுட்டியா?" என்று வம்பிழுப்பவன் நான். அப்படிப்பட்டவன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? முனை தரையில்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி, கையிலிருந்த பாதியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பக்கத்து மேசை ஊசியால் மீதியைத் தைத்து முடித்துவிட்டேன்.

இட்லியை அப்படியே விட்டேன். ஓடிப்போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த மாம்பழக் காந்தத்தைப் பிடுங்கினேன்.

"அத ஏன் பிச்சிக்கினு ஓடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒரு உயிர் விஷயம்!"

"மாம்பழம் வச்சா?"

இல்லத்தில் அந்தக் குழந்தை போர்வையை விடவில்லை. நான் இழுத்தேன், அவளும் இழுத்தாள். "கொடல்ல!", தரமாட்டேன் என்று கன்னடத்தில் கத்தினாள். ஊசி இருக்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்கப்போன என் விரலைக் கடித்தாள். நான்கு காலில் தவழ்ந்து போர்வை முழுக்க மாம்பழத்தைத் தேய்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. இது ஏதோ விளையாட்டு என்று மற்ற பிள்ளைகளும் தங்கள் போர்வைகளோடு வரிசையில் வந்து நின்றார்கள். "யாக்கே சார்?", ஏன் இதெல்லாம் என்று ஆயாம்மா சந்தேகமாகக் கேட்டார். எனக்கோ, காந்தத்தில் ஒட்டாத முனை அந்தச் சின்ன வயிற்றுக்குள் போயாகிவிட்டது என்று தோன்றியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் சூப்பர்வைசரம்மாவுக்குப் போன் போட்டேன். மறைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"இன்னாண்ணா, கடிச்சுத் தின்னுட்டியா?"

"அம்மா, விளையாடாதீங்க. மிஷின்ல வுடாமயே அனுப்பிட்டோமே!"

வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளைத்தான் ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் விடுவோம். இனாமாகப் போகும் போர்வைக்கு யார் அதைச் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

"ஏன், வெளிநாட்டுப் புள்ளைங்க உடம்புதான் உடம்பா?" என்றார். "எல்லாத்தையும் நானே ரெண்டு தபா வுட்டேன். உன்னுதுதான் கத்துச்சி. நீயே வந்து சொல்லுவியான்னு பாத்துக்கினு இருந்தேன். நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை சந்தேகத்தோடு பார்த்தபடி போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

சூப்பர்வைசரம்மா இப்போது ஓசூரில் வேறு கம்பெனியில் இருக்கிறார். நான் இன்னும் இங்கேதான். ஊசி உடைக்கும் பெண்களிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அன்றைக்கு மறுநாள் கையெழுத்துப் போடப் போனபோது பதிவேட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே, டேப்புக்கு அடியில், அரிசி நீளத்தில் அந்த முனை இருந்தது. போர்வைகளை ஏற்றிக்கொண்டு வேன் இல்லத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளே அதை எடுத்துவிட்டிருந்தார்கள்.