படகுக்காரியைக் கொன்றவன்

கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சங்கரன்கோவிலில் ஒரு விளையாட்டுக்காகக் கற்பனை நாடு ஒன்றையே உருவாக்கினோம். எங்களில் ஒருவன் வீட்டு விசைத்தறிக் கூடத்தின் மாடி அறையில் ஞாயிறுதோறும் கூடுவோம். இன்னொருவன் கதையை நடத்துவான். நானும் தறிக்கார நண்பனும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். பிழைப்பதும் சாவதும் பகடை விழுவதைப் பொறுத்தது. எங்கள் பக்கம் யாரும் பார்த்திராத அகலத்தில் அந்த நாட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் படகுக்காரர்களுக்கு நான் தலைவி. வரி கேட்டு வந்த இளவரசனையே கரையில் காக்கவைத்தவள்.

கதை நடத்தியவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் ஆட்டம் நின்றுபோனது. போன வருடம் அவன் அதே நாட்டைத் தூசி தட்டி, படங்களோடும் விதிகளோடும் ஆட்டப் புத்தகமாக வெளியிட்டான். எனக்கும் ஒன்று அனுப்பினான். ராயகிரி பஸ்ஸில் உட்கார்ந்து ஆசையோடு பிரித்தேன். ஆறு இருந்தது, ஊர்கள் இருந்தன. என் தலைவியை இளவரசனுக்குக் கட்டிவைத்து, கதை தொடங்கும் முன்பே கொன்றிருந்தான். அவளுக்காக இளவரசன் அழுவது முழுப் பக்கப் படம். இறங்க வேண்டிய நிறுத்தம் போனதே எனக்குத் தெரியவில்லை.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், பழைய அறையில் ஒருநாள் ஆடலாம் என்றான். நான் உடனே சம்மதித்தேன். அதற்குள் அந்தப் புத்தகத்தின் விதிகளை வரி விடாமல் படித்திருந்தேன்.

"நீ யாரா வாரே?" என்றான்.

"சும்மா ஒரு படகுக்காரி."

தறிக்கார நண்பன் படைவீரனானான். இளவரசனுக்காகக் கதை நடத்துபவனே பேசினான். வெள்ளம் ஓடும் ஆற்றில் அவர்களை ஏற்றிக்கொண்டு நடுவரைக்கும் நல்லபடியாகத் துடுப்புப் போட்டேன்.

"இப்ப படகக் கவுக்கேன்" என்றேன்.

"ஏட்டி, வெளையாடாத. அவன் செத்தா மிச்சக் கதையே கெடையாது."

"கவசம் போட்டவனால நீந்த முடியாதுன்னு நீதான எழுதிருக்க. உருட்டு."

அவன் கையாலேயே உருட்டினான். இருப்பதிலேயே சின்ன எண் விழுந்தது. இளவரசன் மூழ்கினான். எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

அவன் புரிந்துகொண்டான். "அவ சாகாம இளவரசனுக்குக் கோவம் வராதுட்டி. கதைக்குத் தேவப்பட்டுச்சு."

"எனக்கு இவன் சாவு தேவப்பட்டுச்சு."

அவன் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் படியிறங்கினான்.

"இத்தன வருசம் கழிச்சு வந்தவன இப்டியா அனுப்புவ?" என்றான் தறிக்கார நண்பன். "கேட்டிருந்தா மாத்திருப்பாம்லா."

"மாத்த வேண்டாம். எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும்."

சில வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த பதிப்பில் தலைவியை உயிரோடு கொண்டுவரப் போகிறானாம். நான் அவளுக்கு வைத்திருந்த பெயர் மறந்துவிட்டதாம், சொல்வாயா என்று கேட்டிருந்தான்.

படித்தேன். இன்றுவரை பதில் போடவில்லை.