புற்றை உடைத்தவர்

அந்த மூன்று மாதமும் என் வேலை ஒரு படத்தைக் காட்டுவதுதான். திருவள்ளூர் மாவட்டத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்த வரைபடம் ஒன்றை வனவிலங்குக் கணக்கெடுப்புக்காகக் கையில் கொடுத்திருந்தார்கள். ஊர் ஊராகப் போய் எறும்புத்தின்னியின் படத்தை நீட்டி, "இதப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்க வேண்டும். யாராவது பார்த்திருந்தால், அல்லது அதன் வளை என் கண்ணில் பட்டால், அந்தச் சதுரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. இடத்தை மட்டும் ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது. அதன் செதிலுக்கு ஆள் அலைகிறது. இன்றைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு வளையில் புகை போட்டுவிடுவார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கச் சதுரங்களில் புள்ளியே விழவில்லை. விழ வழியுமில்லை. அதற்குத் தின்னக் கறையான் வேண்டும், குடைய மண் வேண்டும், ஒளிய ஒரு பாறையோ புதரோ வேண்டும். அங்கே கான்கிரீட்டும் காம்பவுண்டுச் சுவரும்தான். பெரியபாளையம் தாண்டி நெல் வயலில் கேட்டால், "அது ஜூவுல இருக்கும்மா" என்றார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மதிய வெயிலில் பஸ் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடினால், மண்ணுக்கடியில் எங்கோ அது சுருண்டு கிடப்பது மட்டும் தெரியும். பகலெல்லாம் தூங்கும் பிராணி. நானும் அதுவும் ஒரே தூக்கத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாக நினைத்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், தனியாகச் சுற்றுகிறவளுக்கு ஒரு துணை வேண்டாமா?

பள்ளிப்பட்டுப் பக்கம் குன்றடியில் ஒரு ஊர். நான் போன காலையில் ஊரே ஒரு வயலோரம் கூடியிருந்தது. வெள்ளிதோறும் பெண்கள் பால் ஊற்றிக் கும்பிடும் நாகாத்தம்மன் புற்று, அடிப்பக்கம் உடைந்து கிடந்தது. முந்தின நாள் பக்கத்தில் வாய்க்கால் வெட்டிய ஜேசிபி டிரைவர்மேல் பழி. நாற்பது வயதிருக்கும், கும்மிடிப்பூண்டியிலிருந்து வண்டியோடு வந்தவர். நிலக்காரம்மா சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகியிருந்தார்.

"ஏன் நைனா, ஒனக்குக் கண்ணு தெரியலயா? அம்மா குடியிருக்கிற எடம் அது!"

"நான் தொடவே இல்லம்மா. அஞ்சடி தள்ளித்தான் வண்டி ஓட்டிக்கினு இருந்தேன்."

யாரும் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் புற்றின் முன் விழுந்து தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சாவியும் கிடையாது, இந்தப் பக்கம் எந்த ஊரிலும் இனி வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் குனிந்து பார்த்தேன். ஜேசிபியின் பல் பட்டால் புற்று பாளம் பாளமாகப் பெயரும். இது உருண்டையாக, ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்குக் குடைந்திருந்தது. உட்சுவரில் நீளநீளமாக நகக் கீறல்கள். வெளியே தள்ளிய புழுதியில் கனத்த வால் இழுபட்ட தடம் குன்றைப் பார்த்துப் போயிருந்தது. பாறை இடுக்கில் வீடு, வயலோரத்தில் சாப்பாடு. கனவில் மட்டும் வந்துபோன ஒருவர் என் வாசலில் செருப்பை விட்டுப் போனதுபோல இருந்தது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. சொன்னால் எறும்புத்தின்னி பிழைக்காது. சொல்லாவிட்டால் செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் ஊர் முன்னால் விழ வேண்டும். கடைசியில் விதியைப் பாதி மீறினேன். வண்டி நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன்.

"புத்த ஒடச்சது இதுதாங்க, நீங்க இல்ல. ஊருக்குத் தெரிஞ்சா இத விட்டு வைக்க மாட்டாங்க. ஆனாலும் வேணும்னா அந்தம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்."

அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது இங்க கூட கீதுங்களா மேடம்?"

"முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"எங்க பக்கந்தான். கம்பெனி ஷெட்டுக்கு மேடு தட்டிக்கினு இருந்தேன். வண்டி பக்கெட்ல மண்ணோட பந்து மாதிரி ஒண்ணு வந்துச்சி. கீழ கொட்டியும் விரியல. உள்ள ஒரு குட்டிய சுருட்டி வச்சினு இருந்துச்சி. ரெண்டுமே போயிடுச்சி. அன்னிக்கி யாரும் என்னிய ஒரு வார்த்த கேக்கல மேடம். மேஸ்திரி பிரியாணி வாங்கிக் குடுத்து, மீதி மேட்டையும் தட்டுன்னாரு."

அது என் வரைபடத்தில் எந்தச் சதுரம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க இன்னாத்தையும் சொல்லாதீங்க. நான் ஒடச்சதாவே இருக்கட்டும்."

வெயில் இறங்கியபோது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு பால் சொம்பை ஏந்தி வந்தார். குன்று மஞ்சளும் சாம்பலுமாக மங்கிக்கொண்டிருந்தது. மேலே ஏதோ ஒரு இடுக்கில் அது கண் விழிக்கும் நேரம். "தப்பு பண்ணிட்டேம்மா" என்று மண்ணில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தோள் குலுங்கியது. ஊருக்காக ஒப்புக்கு விழுவார் என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. அவர் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னாலும் அழுகையை அடக்க முடியவில்லை.

நிலக்காரம்மா பயந்துபோய்ச் சாவியை அவர் பக்கத்தில் வைத்தார். குனிந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"போதும் எழுந்திரு நைனா. மண்ணுதானே, அது தானா வளந்துடும்."

அவர் இன்னும் சத்தமாக அழுதார்.