குராசவ் பள்ளிக்கூடத்தில் பாடு குலுக்கிய கதை

இந்த ஊரில் பாலம் நகரும். சொன்னால் பழவேற்காட்டில் யாரும் நம்புவதில்லை. வில்லம்ஸ்டாட் துறைமுகத்தின் குறுக்கே, படகுகளின் மேல் கட்டிய பாலம் ஒன்று மிதக்கிறது. கப்பல் வந்தால் மணி அடிக்கும். பாலத்தின் ஒரு முனை இக்கரையை விட்டுக் கழன்றுகொள்ளும். மறுமுனை அக்கரையில் கீல் மாதிரி பிடித்திருக்க, மொத்தப் பாலமும் கதவு திறப்பதுபோல ஓரமாய் ஒதுங்கும். மேலே நிற்பவர்கள் அதோடு போக வேண்டியதுதான். வந்த புதிதில் நான் நடுவில் மாட்டிக்கொண்டு, "ஐயோ, பாலம் போவுதே!" என்று போட்ட கூச்சலில் கடற்பறவைகள் எழும்பிவிட்டன. பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "டூஷி, டூஷி" என்றாள். கண்ணே, செல்லமே என்பதற்கெல்லாம் இந்த ஊரில் அந்த ஒரு சொல்தான். அது தெரியாமல், பேர் கேட்கிறாள் என்று நினைத்து "சுமதி" என்றேன்.

என் வீட்டுக்காரருக்கு இங்கே கப்பல் பழுது பார்க்கும் துறையில் வெல்டிங் வேலை. குராசவ், கரீபியன் கடலில் ஹாலந்துக்காரர்கள் ஆண்ட தீவு. எங்கள் பழவேற்காட்டுக்கும் அவர்கள் வந்து கோட்டை கட்டினார்கள், துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை இப்போது அகழியும் முள்ளுமாகக் கிடக்கிறது. கல்லறைகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. "அவங்க நம்மூருக்கு வந்து செத்தாங்க, நாம அவங்க புடிச்ச ஊருக்கு வந்து பொழைக்கிறோம்" என்று வீட்டுக்காரர் ஊர்க்காரர்களிடம் போனில் பெருமை அடிப்பார்.

பெருமைக்கு நடுவில் ஒரு கவலையும் இருந்தது. எங்கள் மகள் கயல் வீட்டில் டச்சு மொழியில் பொம்மைகளை அதட்டுவாள், டிவியோடு சண்டை போடுவாள். வகுப்பில் மட்டும் வாயே திறப்பதில்லை. ஆசிரியையை இங்கே 'யுஃப்' என்பார்கள். அந்த யுஃப் எங்களைக் கூப்பிட்டு, பெற்றோர் வரும் நாளில் பிள்ளைகள் எல்லோரும் பேச வேண்டும், அன்றைக்கும் கயல் பேசாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தத் தீவின் அரசாங்கம், பிழைப்பு, பாதுகாப்பு, பள்ளிக்கூடம். கூடவே, தெரிந்த வேறொரு ஊர் எப்படி நடக்கிறது என்பது. ஒரு காலையில் வீடியோவில் ஊரிலிருக்கும் என் அப்பாவை, நைனாவைப் பிடித்தோம். அங்கே சாயங்காலம். ஏரிக்கரையில் வலையை உதறிக்கொண்டே பேத்தியைக் கேள்வியால் குடைந்தார்.

"அங்க ராஜா கீறாரா?"

"கீறாரு தாத்தா. ஆனா ஹாலந்துல. இங்க அவருக்குப் பதிலா கவர்னர். பிரதமரு, பார்லிமென்ட்டு எல்லாம் எங்களுக்குத் தனியா கீது."

"பட்டாளம்?"

"அது ஹாலந்துது."

"சண்ட வந்தா அங்கேந்து கெளம்பி வர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிருமே!"

"இங்கியே அவங்க கப்பல் நிக்குது தாத்தா!"

நைனா திருப்தியாகத் தலையாட்டினார். "சரி, நம்மூரு அரசாங்கத்தப் பத்தி இன்னா சொல்லப் போற? கலெக்டரு பேரெல்லாம் சொல்லாத. பாடு பத்திச் சொல்லு."

அவர் சொன்னது சரிதான். ஏரியில் இறால் அதிகம் ஓடும் இடங்களை எங்கள் ஆட்கள் பாடு என்பார்கள். நல்ல பாட்டை யார் வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கி, முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். பக்கத்தில் இறால் துள்ளினாலும் அடுத்தவன் முறையில் கை வைக்கமாட்டார்கள். நைனா ஒரு பருவம் முழுக்க மோசமான பாட்டில் நின்றிருக்கிறார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்க் குழாயோ, பேருந்தோ, பந்தியோ, "முறை வராம கைய நீட்டாத" என்று சொல்லிச் சொல்லித்தான் கயலை வளர்த்தேன்.

அந்த நாளும் வந்தது. வகுப்பின் பின்வரிசையில், சின்ன நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். "யார் பேசுகிறீர்கள்?" என்று யுஃப் கேட்டதுதான் தாமதம், பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு "யுஃப்! யுஃப்!" என்று குதித்தார்கள். பெரிதாகக் கத்தியவர்களுக்கு வாய்ப்பு கிடைத்தது. ஒருத்தி முடிப்பதற்குள் அடுத்தவன் பாதி தூரம் வந்துவிட்டான். எனக்கு முன்னால் என் மகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து அவள் காதில் முணுமுணுத்தேன்.

"கை தூக்குடி!"

"எம் முற இன்னும் வரலமா. எல்லாரும் அடுத்தவங்க முறையில பூந்துக்கினு கீறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இவளுக்குப் பயமும் இல்லை, மொழி தெரியாமலும் இல்லை. கை தூக்கிப் பிடுங்குவது இவளுக்கு அடுத்தவன் பாட்டில் வலை கட்டுகிற மாதிரி. வருஷம் முழுக்க முறை வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! நான் எழுந்துவிட்டேன். இந்தத் தீவு மொழியான பாப்பியாமெந்துவில் தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டி, பேர், சீட்டு, குலுக்கு என்று கையால் ஆட்டிக் காட்டினேன். யுஃப் முகம் மாறியது. இந்தத் தீவில் லாட்டரிப் பைத்தியம் அதிகம். "டூஷி, பள்ளிக்கூடத்தில் சூதாட்டம் கூடாது" என்றார். பெற்றோர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது கயல் எழுந்து நின்று, கணீரென்று டச்சில் ஏதோ சொன்னாள். துறையில் வேலை செய்து டச்சு பழகிய வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்: "அம்மா சூதாடல, இது எங்கூரு அரசாங்கம்னு சொல்றா."

அதற்கப்புறம் என்ன, ஒரு பையனின் தொப்பி வந்தது, கயல் சீட்டெழுதினாள், யுஃப் குலுக்கினார். பேர் வந்தவர்கள் பேசினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள். தன் சீட்டு வந்ததும் கயல் ராஜா முதல் இறால் வரை பொரிந்து தள்ளினாள், வீட்டுக்காரர் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தப் பாடுகளுக்கு யார் ராஜா?" என்று ஒரு பையன் கேட்டான். "யாருமில்லை" என்றாள். "உன் அம்மாவுக்கு அதில் எப்போது முறை வரும்?" என்றாள் ஒரு சிறுமி. கயல் பதில் சொல்ல, எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் குரல் இறங்கியது. "அங்க பொம்பளைங்களுக்குப் பாடு இல்ல. இங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு ஓட்டு இல்ல. எங்கம்மாவுக்கு ரெண்டு ஊர்லயும் முற வரலன்றா."

என் மகள் இதையெல்லாம் எப்போது கவனித்தாள்? நான்கூட அப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை.

கடைசிச் சீட்டை யுஃப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்க முடியவில்லை. எங்களுக்குக் காட்டினார். தமிழில் 'சுமதி' என்று இருந்தது. கயல் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போனேன். "போன் டியா" என்று வணக்கம் சொன்னதோடு என் பாப்பியாமெந்து தீர்ந்துவிட்டது. தமிழிலேயே சொன்னேன்: "எங்க நைனாவுக்கு எத்தினியோ தபா சீட்டு வந்துது. எனக்கு இதான் மொத தபா. இன்னா பேசறதுன்னு தெரியல. சந்தோசமா கீது." கயல் மொழிபெயர்த்ததும் பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். யுஃப் என்னைக் கட்டிக்கொண்டு, கயல் அடுத்த வகுப்புக்குப் போகிறாள் என்றார். நான் அழுதேன், சிரித்தேன், இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

திரும்பும்போது பாலத்தில் நடுவழியில் மணி அடித்தது. நாங்கள் ஓடவில்லை. இக்கரையில் இருந்த முனை விட்டுக்கொண்டது, அக்கரையில் இருந்த முனை பிடித்துக்கொண்டே இருந்தது. சுருக்குப்பையில் என் சீட்டு இருந்தது. பக்கத்தில் உல்லாசக் கப்பலில் வந்த ஒரு பெண் பயந்து கம்பியைக் கட்டிக்கொண்டு அலறினாள். நான் அவள் தோளைத் தட்டினேன்.

"டூஷி, டூஷி" என்றேன்.