குடைத் தூள்

போன வாரம் கம்பளைச் சந்தையில் அந்தச் சிவப்புக் குடையைப் பார்த்தேன். மிளகாய்த்தூள் பாக்கெட்டின் நடுவில் விரிந்த குடை. அதே சிவப்பு, அதே வளைந்த கைப்பிடி. உள்ளே இருப்பது எங்கள் தூள் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் தூள் என்றால் முதலாளியின் தூள். அம்பிட்டியவில் அவருடைய மில்லில் நானும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் சிலரும் வேலை பார்த்தோம். அவர்கள் பாக்கெட் போடுவார்கள். கடைக்காரர்களிடம் ஓடர் எடுப்பது என் வேலை. மிளகாய் வறுப்பதில் முதலாளியை மிஞ்ச ஆள் கிடையாது. பாக்கெட்டில் அவருடைய வாப்பாவின் பெயர் சிறிதாகவும் குடை பெரிதாகவும் இருக்கும். அந்தப் பெயரை வாசித்துக் கேட்டவர் எவருமில்லை. தெல்தெனிய வரைக்கும் அது குடைத் தூள்தான். முதலாளியும் அப்படித்தான் சொல்வார்.

டிரேட் மார்க் பதியக் கண்டியில் சட்டத்தரணியிடம் போனபோது என்னையும் கூட்டிப் போனார். எழுத்தைப் பதிவதா, படத்தையா, இரண்டையுமா என்று அவர் கேட்டார். சனம் குடையைத்தானே கேட்கிறது, அதையும் பதியுங்கள் என்றேன். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது.

"குடை என்ன புள்ள, வெறும் படம். எங்கட வாப்பாட பேருதான் சொத்து."

வாப்பாவின் பெயரோடு ஒரு குடையைச் சரிசமமாக வைப்பது மரியாதைக் குறைவாம். பெயரை மட்டும் பதிந்தார்.

எங்களோடு வேலை பார்த்த அவருடைய மச்சானுக்கு இது தெரியும். பிரிந்துபோய்த் தனி மில் போட்டதும் முதல் வேலையாகக் குடையைத் தன் பெயரில் பதிந்துகொண்டு, எங்கள் பாக்கெட்டிலிருந்து அதை எடுத்துவிடச் சொன்னார். முதலில் பாவித்தது நாங்கள், வழக்குப் போடலாம் என்று சட்டத்தரணி சொல்லியும் முதலாளி கேட்கவில்லை. பெண்டாட்டியின் தம்பியைக் கோட்டுக்கு இழுப்பதா என்றார். குடை இல்லாத பாக்கெட்டைச் சனம் திரும்பிப் பார்க்கவில்லை. மில் மூடியது. அந்தப் பெண்கள் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள். மச்சான் திருடன், அவரைத் திட்ட யோசனை தேவையில்லை. என் கோபம் முதலாளி மேல்தான். வாப்பாவுக்கு மரியாதை செய்ய எங்கள் சோற்றை எடுத்தார்.

சந்தையில் அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் பழகிய குரல் கேட்டது. முதலாளி. தளர்ந்திருந்தார், என்னைக் கவனிக்கவில்லை.

"குடைத் தூள் ஒண்டு தாங்க மகன்."

கடைக்காரன் மச்சானின் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தான். முதலாளி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். வாப்பாவின் பெயர் அன்றைக்கும் அவர் வாயில் வரவில்லை.