மும்தாஜ் அக்காவின் கத்தரிக்கோல்

மும்தாஜ் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் ஆம்பூரில் என் பட்டறையில், கார் சீட் கவர் ஒன்றின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செல்வம், உங்க அக்கா போய்ட்டாங்கப்பா" என்றார் அவர் கணவர் போனில். கவரை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது. அக்காவோடு பழகிய உங்களுக்கு இது புரியும்.

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு பைபாஸ் ஓரமாகக் கார் பழுது பார்க்கும் கடை போட்டார். காரின் கம்ப்யூட்டர், சென்சார், ஏர்பேக் எல்லாம் அவருக்கு அத்துப்படி. குரல் மட்டும் கடைக்கு நாலு கடை தள்ளியும் கேட்கும்.

எங்கள் ஊரில் யார் புது கார் வாங்கினாலும், தோல் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர் லெதர் கவர் தைத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் மானம் போய்விடும். வேலூரில் வேலை பார்க்கும் என் மகள் கவிதா கார் வாங்கியபோது, இருந்ததிலேயே உசத்தியான தோலை எடுத்து, ஒரு சுருக்கமில்லாமல் தைத்து மாட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

அக்காவும் வந்து பார்த்தார். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். கதவுப் பக்கமாக இருந்த தையலை மேலிருந்து கீழ்வரை சர்ரென்று வெட்டிவிட்டார்!

"இன்னாக்கா இது அநியாயம்?" என்று கத்தினேன்.

"சீட்டுக்குள்ள ஏர்பேக் இருக்குது தம்பி. அது வெளிய வர்ற வழிய நீ தெச்சி மூடி வெச்சிருக்க."

"கம்ப்யூட்டர்தான் எல்லாத்தையும் பாத்துக்குமே?"

"இடிச்சா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அது முடிவெடுத்துடும். ஆனா மேல நீ போட்ட தையல் அதுக்குத் தெரியுமா?"

சொந்தக்காரர்கள் முன்னால் என் வேலையை இப்படிக் கிழித்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம். போனால் போகட்டும் என்று அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன். மறுபடி தைத்துத் தருகிறேன் என்று சொன்னபோதெல்லாம் கவிதாதான் சிரித்துக்கொண்டே தட்டிக்கழித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளிகொண்டா பக்கத்தில், குறுக்கே வந்த வேன் ஒன்று கவிதா உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் மோதியது. "அப்பா, பயப்படாதீங்க. சீட்லேர்ந்து ஏர்பேக் வந்துச்சி. தோள்தான் கொஞ்சம் வலிக்குது" என்று அவளே போன் செய்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன்; அக்கா வெட்டிய வழியாகத்தான் அது வெளியே வந்திருந்தது. மகளை வீட்டில் விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

"பொண்ணு நல்லா இருக்குதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?" என்றவர், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தத் தோல் கிழிஞ்சிதா?"

"இல்லக்கா."

"நல்ல தோலுப்பா! வெட்டவே மனசு வரல எனக்கு."

அன்றிலிருந்து என் பட்டறையில் கதவுப் பக்கம் திறந்த கவர்தான். பிறர் தைத்ததை அக்கா ஊரெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் நின்ற மாப்பிள்ளை காரைக்கூட விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பேஜாராகிப் போனார்கள்.

அக்காவுக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹாவுக்குப் போனேன். வாசலில் வாணியம்பாடி உறவுக்காரர் ஒருவரின் புது கார் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பளபளவென்று லெதர் கவர், ஒரு இடைவெளியில்லாமல் இழுத்துத் தைத்தது. உள்ளே போய் அக்காவின் கணவரிடம் காதோடு சொன்னேன். அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலமாரியைத் திறந்து கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார்.

அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அந்த உறவுக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை.